கோச்சை மாற்றினால் போதுமா?

மெயின் பஜார் பக்கம் காலை நடை முடித்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் தெர்மலில் பாய்லர் பார்த்தவர். ஒருவர் கண்ணூர்க்காரர், ஸ்டோர்ஸில் இருந்தவர். இன்னொருவர் சர்வீஸ் முழுக்கத் தொழிற்சங்கக் கொடி பிடித்தவர். நான் முதல் சுரங்கத்தில் இயந்திரப் பராமரிப்பில் காலம் தள்ளியவன். சர்க்கரை, பிரஷர், பென்ஷன், பிள்ளைகள் இருக்கும் ஊரில் மழை பெய்ததா இல்லையா என்பதெல்லாம் பேசி முடித்த பிறகு மிஞ்சுவது புட்பால்தான். கிரிக்கெட் பேச்சை எடுப்பவர் அன்றைய டீக்காசைக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டமே உண்டு.

2025-ஆம் வருடம் எங்களுக்கு நல்ல தீனி. ஒரே வருடத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாயின. இந்திய அணியின் கோச்சாக இருந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ் விலகினார். நம்ம சென்னையின் எஃப்சியில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காய்ல் கிளம்பினார். பிறகென்ன, டீக்கடையில் தேர்வுக் கமிட்டி உட்கார்ந்துவிட்டது.

"வெளிநாட்டுக்காரன்தான் சார் வரணும்" என்று தெர்மல்காரர் ஆரம்பிப்பார். "நம்ம ஆளுன்னா பசங்க தோள்ல கை போட்டுடுவாங்க. வெள்ளைக்காரன் விசில் ஊதினாத்தான் ஓடுவாங்க."

"அவனுக்குக் கொடுக்கிற சம்பளத்துல பாதியை நம்மாளுக்குக் கொடுத்துப் பாருங்க தோழர், அவனும் நல்லாவே ஊதுவான்" என்பார் சங்கத்துக்காரர்.

கண்ணூர்க்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "மலபார்ல செவன்ஸ் ஆடுற பயலுக்குக் கோச்சே வேண்டா சார்" என்று இரண்டு பேர் வாதத்திலும் தண்ணீர் ஊற்றுவார்.

நான் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. என்னைத் தூங்குமூஞ்சி என்றுகூடச் சொல்வார்கள். பேசாததற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சென்னையின் கதையைப் பார்ப்போம். அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

இந்த கிளப் ஆரம்பித்தது 2014-இல். முதல் கோச் இத்தாலியின் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டிக் கீழே தள்ளினாரே, அதே ஆள். அவர் காலத்தில் 2015-இல் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று ஜெயித்து நாம் சாம்பியன். அடுத்து இங்கிலாந்தின் ஜான் கிரகரி. 2018 மார்ச்சில் பெங்களூரை அவர்கள் மைதானத்தில் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை. அன்று கிரகரிக்குச் சிலை வைக்கலாம் என்று பேசியவர்கள் எங்கள் கடையிலேயே உண்டு.

அடுத்த சீசன் என்ன ஆயிற்று? அதே கிரகரி, ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த சீசனின் ஆரம்பத்திலேயே அவர் போய்விட்டார்.

பிறகு 2019 டிசம்பரில் காய்ல் வந்தார். பட்டியலின் அடியில் கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனார். கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம். ஆனாலும் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். அங்கிருந்து ஜாம்ஷெட்பூர் போய் 2021-22-இல் லீக் ஷீல்டும் வாங்கிக் கொடுத்தார். 2023-இல் அவரை மறுபடி இங்கே அழைத்து வந்தபோது, "ஆள் வந்தாச்சு, இனிக் கவலையில்லை" என்றார் தெர்மல்காரர். 2024-25 சீசனில் பதிமூன்று அணிகளில் பதினோராவது இடம்.

இதில் கவனியுங்கள். கிரகரிக்கு ஒரே வருடத்தில் மூளை மழுங்கிவிட்டதா? காய்ல் தொழிலை மறந்துவிட்டாரா? ஆள் அதே ஆள்தான். சுற்றியிருந்தவை மாறியிருந்தன. ஆட்டக்காரர்கள் விலை போயிருப்பார்கள், காயம் பட்டிருப்பார்கள், கிளப் கையை இறுக்கியிருக்கும். நாம் மட்டும் ஜெயித்தால் கோச்சுக்கு மாலை, தோற்றால் கோச்சுக்குக் கல்தா என்று ஒரே கணக்கில் நிற்கிறோம்.

நடுவில் ஒருவரை மறந்துவிடக் கூடாது. சையது சபீர் பாஷா. நம்ம தமிழ்நாட்டுக்காரர். இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய முன்கள ஆட்டக்காரர். வெளிநாட்டுக் கோச்சுகள் வந்து வந்து போக, சென்னையின் கிளப்பில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். 2022 பிப்ரவரியில் மான்டிநீக்ரோக்காரர் பாண்டோவிச் பாதியில் போனபோது, சீசனின் கடைசிச் சில ஆட்டங்களுக்கு இவரிடம் அணியைக் கொடுத்தார்கள். முங்கிக்கொண்டிருந்த படகின் துடுப்பைக் கையில் கொடுத்த மாதிரி. அடுத்த சீசனுக்கு ஜெர்மனியிலிருந்து பிரடாரிக் வந்துவிட்டார். சபீர் பாஷா நல்ல கோச்சா இல்லையா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அவருக்கு யாரும் நேரம் தரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதற்காக வெளிநாட்டுக்காரரே வேண்டாம் என்று கொடி பிடிப்பவன் இல்லை நான். நெய்வேலியில் வாழ்ந்தவன் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஊரே வெளியிலிருந்து வந்த அறிவிலும் நம்மவர் உழைப்பிலும் எழுந்ததுதான். அனல் மின் நிலையத்துக்கு ரஷ்யர்கள், சுரங்கத்து இயந்திரங்களுக்கு ஜெர்மானியர்கள். எங்கள் சீனியர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டதைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பக்கெட் வீல் இயந்திரத்தின் கதை சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் மேல்மண் மென்மையானது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வெட்டிய இயந்திரம், இங்கே கடலூர் மணற்கல்லில் வந்து கடித்தபோது பக்கெட்டின் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. இயந்திரம் மோசமா? இல்லை. மண் வேறு. அதன் பிறகுதான் பற்களை நம்ம மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். கடினமான இடங்களில் முதலில் வெடி வைத்துத் தளர்த்திவிட்டுப் பிறகு வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இயந்திரம் தன் வேலையைக் காட்டியது. அதற்கு வருடங்கள் ஆயின. "பல்லு தேயுது, திருப்பி அனுப்பிடு" என்று முதல் மாதத்திலேயே முடிவெடுத்திருந்தால் நாம் பழுப்பு நிலக்கரியின் முகத்தையே பார்த்திருக்க மாட்டோம்.

கோச் விஷயமும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரரா, உள்நாட்டுக்காரரா என்பது இரண்டாவது கேள்வி. வருகிறவருக்கு இந்த மண்ணைப் படிக்க நேரம் கொடுப்பீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

இந்திய அணிக்கு வருவோம். மார்க்கேஸ் போனதும் அந்த இடத்துக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் ஸாவியே விண்ணப்பம் போட்டார் என்று செய்தி வந்து, பிறகு அந்த மின்னஞ்சல் போலி என்று கூட்டமைப்பே சொன்ன கூத்தும் நடந்தது. கடைசியில் மூன்று பெயர் மிஞ்சியது. ஏற்கெனவே இரண்டு முறை இந்திய அணியைப் பார்த்த இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் டார்கோவிச், நம்ம காலித் ஜமீல். 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜமீலை அறிவித்தார்கள். சாவியோ மெடெய்ராவுக்குப் பிறகு பதிமூன்று வருடம் கழித்து ஓர் இந்தியக் கோச்.

ஜமீல் சும்மா வந்தவரில்லை. 2016-17-இல் மிசோரமின் சின்ன கிளப்பான ஐஸ்வாலை வைத்துக்கொண்டு, பணக்கார கிளப்புகளை எல்லாம் தாண்டி ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அன்று எங்கள் கடையில் சங்கத்துக்காரர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பரில் தஜிகிஸ்தான் போய், மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம். "பாத்தீங்களா, நம்மாளு!" என்றார் தெர்மல்காரர், வெள்ளைக்காரன் விசிலை மறந்துவிட்டு. அக்டோபர் 14-இல் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோல்வி, ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டது. மறுநாள் காலை அதே தெர்மல்காரர், "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்தார். ஐந்து வாரத்தில் ஒரு மனிதரைத் தோளில் ஏற்றி, கீழேயும் போட்டுவிட்டோம்.

சென்னையிலும் இந்த முறை இந்தியர்தான். கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா. 2023-இல் ஒடிசா அணிக்கு இடைக்காலக் கோச்சாக இருந்து கோழிக்கோட்டில் பெங்களூரை 2-1 என்று ஜெயித்து சூப்பர் கோப்பை வாங்கியவர். சென்னைக்கு வந்த கையோடு அதே சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடமும் ஈஸ்ட் பெங்காலிடமும் தோற்றார். வழக்கமாக செப்டம்பரில் தொடங்கும் லீக்கோ அந்த மாதம் தொடங்கவே இல்லை. ஒப்பந்தத் தகராறு. எப்போது ஆட்டம், சம்பளம் வருமா என்றே தெரியாமல் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் நாங்கள் டீக்கடையில் "மிராண்டா தேறுவாரா" என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் விறகே இல்லை, சமையல்காரரைக் குறை சொல்கிறோம்.

என் பேரன் பெங்களூரில் இருக்கிறான். மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் போனில், "தாத்தா, மேனேஜரைத் தூக்கணும்" என்பான். நான் அவனுக்கு ஒரு கணக்கு சொல்வேன். அலெக்ஸ் பெர்குசன் அந்த கிளப்புக்கு வந்தது 1986 நவம்பர். முதல் கோப்பை 1990-இல். லீக் பட்டம் 1993-இல். ஆறரை வருடம்! இன்றைய ரசிகர்கள் அன்று இருந்திருந்தால் மனிதரை 1988-லேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 2013-இல் அவர் ஓய்வு பெற்ற பிறகு எத்தனை மேனேஜர்கள் வந்து போனார்கள் என்று பேரனையே எண்ணச் சொன்னேன். விரல் போதவில்லை தாத்தா என்றான்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம் 1950-இல் இந்திய அணிக்குக் கோச் ஆனார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். அடுத்த வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை. இன்றைக்கு அப்படித் தோற்றால் கோச் விமான நிலையத்திலேயே வேலையை விட வேண்டியதுதான். ஆனால் ரஹீம் தொடர்ந்தார். 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம். 1962 ஜகார்த்தாவில், புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்த உடம்போடு நின்று, மறுபடி தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். பத்து கோல் வாங்கிய மனிதரை நம்பி இன்னும் பத்து வருடம் கொடுத்ததன் பலன் அது.

இப்போது நான் வாய் திறக்காத காரணத்துக்கு வருகிறேன்.

1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்துவிட்டு இந்த ஊர்ப் பையன்கள் எல்லாம் மரடோனா ஆகத் துடித்த காலம். எங்கள் வட்டத்தில் ஒரு சிறுவர் அணி இருந்தது. பெற்றோர்கள் மாதம் இரண்டு ரூபாய் போட்டு நடத்தியது. நான் செயலாளர். கோச் என்று தனியாக யாரும் கிடையாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி, முன்பு பட்டாளத்தில் ஆடியவர், ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் நேராக மைதானத்துக்கு வருவார். பையன்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். சம்பளம் கிடையாது. டீ கொடுத்தால் குடிப்பார்.

ஒருமுறை வெளியூர்ப் போட்டியில் பையன்கள் ஐந்து கோல் வாங்கிவிட்டு வந்தார்கள். அன்றிரவே கூட்டம் போட்டோம். "பழைய காலத்து ஆளு. படிப்பு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. முறையா ஒருத்தரைப் போட்டாத்தான் பசங்க முன்னுக்கு வருவாங்க" என்று அதிக நேரம் பேசியவன் நான். எல்லோரும் தலையாட்டினார்கள். போய்ச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது.

மாஸ்டர் குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து பிரிந்துபோன பந்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "பந்தை யார்ட்ட கொடுக்கணும் சார்?"

பந்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போட்டேன்.

புதிதாக வந்தவர் நல்லவர்தான். சர்டிபிகேட் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வருவார். மூன்று மாதத்தில் வேறு இடத்தில் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குப் பிறகு மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஒவ்வொரு பையனாக வருவது நின்றது. அந்த வருட மழைக்காலத்தோடு அணி கலைந்தது.

பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோதுதான் அந்த நோட்டு கையில் கிடைத்தது. ஒவ்வொரு பையன் பெயருக்கும் ஒரு பக்கம். எந்தக் கால் பலம், ஷூ அளவு என்ன என்பதோடு, அப்பாவுக்கு எந்த வாரம் நைட் ஷிப்ட் என்றும் எழுதியிருந்தார். அப்பா பகலில் தூங்கினால் பையனை வீட்டில் சத்தம் போட விடமாட்டார்கள், வெயிலில் சுற்றிவிட்டுக் களைத்து வருவான், அன்றைக்கு அவனை அதிகம் ஓட விடக்கூடாது. ஒரு பையன் பக்கத்தில், "சாப்பிடாமல் வருகிறான். கேட்டால் சொல்ல மாட்டான். பன் வாங்கி வைக்க வேண்டும்" என்று இருந்தது. அந்தப் பையன் எங்கள் பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸ்காரன். எனக்கு அது தெரியாது.

மாஸ்டர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். இடைப்பட்ட வருடங்களில் பஜாரில் எத்தனையோ முறை எதிரில் வந்திருக்கிறார், வணக்கம் வைத்திருக்கிறார். ஒருமுறைகூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால்தான் "அந்தக் கோச்சைத் தூக்கு, இந்தக் கோச்சைப் போடு" என்று மற்றவர்கள் பேசும்போது என் வாய் அடைத்துக்கொள்கிறது.

ஆனால் என் கருத்து என்ன என்று கேட்டால் சொல்லத்தான் வேண்டும். சென்னைக்கு மிராண்டாவோ, நாளை இன்னொருவரோ, குறைந்தது மூன்று சீசன் ஒருவரிடம் அணியைக் கொடுங்கள். பக்கத்தில் உதவிக்கு நம்ம ஊர் ஆள் ஒருவரை நிறுத்துங்கள், அடுத்த முறை நாற்காலி காலியானால் அவரையும் மற்றவர்களோடு சமமாக வைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் ஒரு நாற்காலிக்காக அடித்துக்கொள்ளும் நேரத்தில், கீழே பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் முதல் பந்தை உருட்டிவிடும் ஆளை யாராவது கவனியுங்கள்.

இது வெறும் உபதேசம் இல்லை, நம்ம கடலூர் மாவட்டமே சாட்சி. இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். சந்தியா ரங்கநாதன் இதே மாவட்டம். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனபோது இந்துமதி அந்த அணியில் இருந்தார். இந்தப் பிள்ளைகளைக் கோடி ரூபாய் கோச் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாவட்டத்து மைதானத்தில் யாரோ ஒருவர் தினமும் வந்து நின்றிருக்கிறார்.

நம்ம டவுன்ஷிப் மைதானங்களில் இன்றைக்கும் சாயங்காலம் யாரோ ஒருவர் விசிலோடு நிற்கிறார், சுற்றிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். போன வாரம் நடை முடிந்து திரும்பும்போது அப்படி ஒருவரிடம் போய், "பந்து போதுமா தம்பி?" என்று கேட்டேன். இரண்டு இருந்தால் நல்லது சார் என்றார். டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். கண்ணூர்க்காரர் முதலில் ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். தெர்மல்காரர், "வெள்ளைக்காரன் கோச்சா, நம்மாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறந்தார்.